மூன்று பேருக்கான பனி

வெள்ளவத்தையில், இரவு பத்தரைக்கு,
காற்றாடி ஐந்தில் சுழன்றும் காணாமல்
பெனியனைக் கழற்றி எறிந்துவிட்டுப்
பனிக்குக் கணக்குப் போடுகிறேன்.
'கையுறை' என்று எழுதிய இடத்தில்
நெற்றியிலிருந்து ஒரு துளி விழுந்து
மை ஊறிப் பரவுகிறது.

சுகிர்தாவின் சீட்டு டிசம்பரில் விழும்.
அதை நம்பித்தான் எல்லாம்:
கட்டுநாயக்க, டெல்லி, ஸ்ரீநகர்,
அதற்கும் மேலே குல்மார்க்.
ஜனவரிக் கடைசி என்றால் பனி நிச்சயம் என்கிறாள்.
ஜனவரிக் கடைசியில் பள்ளிக்கூடம் என்கிறேன்.
"காய்ச்சல் எண்டு கடிதம் குடுப்பம்."
வங்கியில் பத்தொன்பது வருஷம்
ஒரு சதம் பிசகாமல் இருந்தவள்
பொய்க்கு இப்போதே தேதி குறிக்கிறாள்.

தாரங்கி பயிற்சியைத் தொடங்கிவிட்டாள்.
குளிர்பெட்டியின் மேல்தட்டைத் திறந்து
பாரைத் துண்டுகளுக்கு நடுவே கையை வைத்து
எண்ணுகிறாள். நேற்று முப்பத்தொன்று.
இன்று நாற்பத்து மூன்று.
விரல் நுனியை என் கன்னத்தில் ஒற்றி
"அப்பா, குல்மார்க்குக்கு இது காணுமா?"
மீன் மணக்கும் குல்மார்க்.

நிதுசன் இரண்டு அடிமட்டங்களைக்
காலுறைக்குள் செருகிக்கொண்டு
சோபாவிலிருந்து தொலைக்காட்சி வரை
சறுக்கினான். மேசை விளக்கு போயிற்று.
கீழ்வீட்டு பரீனா தொலைபேசி எடுத்தாள்:
"என்ன, அரிசி மூட்டையா இழுக்கிறீங்க?"
"இல்லை, மலை இறங்குகிறோம்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"பாத்து இறங்குங்க" என்றுவிட்டு வைத்தாள்.

சனிக்கிழமை புறக்கோட்டை.
பொதி உடைத்த பழைய உடுப்புக் குவியலில்
கோட்டுத் தேடினோம்.
உச்சி வெயிலில் நான் ஒன்றைப் போட்டுப் பார்க்க
மூட்டை வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி
ஒருவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.
மூன்று கிடைத்தது.
நீலக் கோட்டின் உட்பையில்
ஓட்டை போட்ட ஒரு அட்டை:
வாசிக்கத் தெரியாத எழுத்து,
கம்பியில் தொங்கும் கதிரையின் படம்.
யாரோ ஏறியிருக்கிறார்கள்.
கோட்டு இங்கே இருப்பதால்
இறங்கியும் இருக்க வேண்டும்.
தாரங்கி அதைக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

எப்படிக் கூட்டினாலும்
சறுக்குப் பலகையும் மூன்று நாள் பாடமும்
மூன்று பேருக்குத்தான் வருகிறது.
"என்ர முழங்கால் தெரியும்தானே" என்றேன்.
"பைகளை ஆர் பாக்கிறது? நான் கீழ நிக்கிறன்."
"எனக்குப் பயம்."
"உங்களை விட எனக்குப் பயம்."
இந்த வீட்டில் இவ்வளவு பயம்
இருந்ததே எனக்குத் தெரியாது.
ஆளுக்காள் ஏற்றிக்கொண்டே போய்
முடிவில்லாமல் படுத்தோம்.

தண்ணீர் குடிக்க எழும்பினேன்.
குசினியில் குளிர்பெட்டிக் கதவு திறந்திருந்தது.
அந்த வெளிச்சத்தில்,
நிதுசனின் அடிமட்டங்களில்,
முன்பாதம் இரண்டும் உள்நோக்கி, முழங்கால் மடித்து,
நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி
சுகிர்தா மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தாள்,
காஸ் சிலிண்டரைத் தாண்டி, பூசணிக்காயைத் தாண்டி,
காணொளியில் சொன்னபடியே
பார்வை தூரத்தில்.
கடற்கரைத் தண்டவாளத்தில் எஞ்சின் ஒன்று தனியே போனது.
அலுமாரியில் கோப்பைகள் கிலுகிலுத்தன.
ஆடினாள். விழவில்லை.

தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து
கொப்பியில் 'ஹீட்டர் உள்ள அறை'யை வெட்டினேன்.
'சாதா அறை.'
இன்னும் ஒன்பதாயிரம் காணாது.
சாப்பாட்டுக்குப் பக்கத்தில் பேனை நிற்கும்போது
குளிர்பெட்டி மூடும் சத்தம்.
விளக்கை அணைத்துக் குறட்டை விடத் தொடங்கினேன்.
கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது.
சில்லென்று ஒரு பாதம்
என் முழங்காலைத் தேடி வந்து,
நோகாத அந்த முழங்காலை,
மெதுவாக ஒருமுறை உதைத்தது.